நாலாவது நிபந்தனை

வேரோய் தீவு
19 ஜனவரி 1992

யோருன் டீச்சரம்மாவுக்கு,

நீ போனை வைத்த வேகத்தில் என் வலது காது இன்னும் கிர்ரென்கிறது. துலாகூடத் திரும்பிப் பார்த்தாள். இந்த லுண்டா நாய் ஜாதிக்குத்தான் கழுத்தில் எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகமாச்சே, மண்டை பின்னால் சாய்ந்து முதுகில் போய்ப் படுத்துக்கொள்ள, தலைகீழாக என்னைப் பார்த்தாள். "உன் முதலாளியம்மாடி. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுது" என்றேன். காதை மடித்து மூடிக்கொண்டாள். எனக்கும் அப்படி மூடுகிற காது இருந்திருந்தால் உனக்கும் எனக்கும் சண்டையே வந்திருக்காது.

இனிமேல் போன் வேண்டாம். போனில் நீ டீச்சர் ஆகிவிடுகிறாய், நான் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறேன். எழுதினால் நான் சொல்வதை நீ முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். ஏழாவதோடு நின்று மீன் ஷெட்டுக்குப் போனவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். வழக்கம்போலச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பு. நாற்பது வருஷமாக அனுப்புகிறாய், நான் திருந்தினேனா?

விஷயம் இதுதான். பிப்ரவரி கடைசியில் துலா பருவத்துக்கு வருவாள், படகில் ஏற்றி, ரயிலில் ஏற்றி உன் பண்ணைக்கு அனுப்பு, ஃபென்ரிக் மாப்பிள்ளை தயாராக இருக்கிறான் என்கிறாய். மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. போட்டோ பார்த்தேன், உன்னைவிட ஒழுங்காகத் தலை சீவியிருந்தான். ஆனால் இப்போது வேண்டாம், யோருன். கடல் மோசமாக இருக்கிறது, படகு நினைத்தால் வருகிறது, நினைத்தால் வருவதில்லை. துலாவும் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறாள். வயிறு போட்டிருக்கிறாள். ஐம்பத்து நாலு வயதில் எனக்குப் போட்டிருக்கிறது, அவளுக்குப் போடக்கூடாதா?

அடுத்த தடவைக்குத் தள்ளிவைப்போம். கோபப்படாதே. கோபப்பட்டால் உனக்கு மூக்கு சிவக்கும், நாய்கள் பயப்படும்.

தோர்டிஸ்


ரிங்சாக்கர்
28 ஜனவரி 1992

தோர்டிஸ்,

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினேழு பிழைகள். பதிலைத் தனித்தாளில் எழுதுகிறேன், சிரிக்காமல் படி.

தள்ளிவைக்க முடியாது. போன வருடம் புயல் என்றாய். அதற்கு முந்தைய முறை கை முறிந்தது என்றாய். ஏப்ரலில் துலாவுக்கு நான்கு வயது முடிகிறது. நாம் பிறந்த தீவில் ஒரு காய்ச்சல் வந்து இந்த நாய்கள் ஏறக்குறைய அத்தனையும் செத்தது உனக்குத் தெரியும். இன்று உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு லுண்டா நாயும் மிஞ்சிய நாலைந்து நாய்களின் வயிற்றில் வந்தது. ஈத்து இல்லாமல் கிழடாகும் ஒவ்வொரு பெட்டையோடும் ஒரு கதவு மூடிக்கொள்கிறது. என்னிடம் அதிகக் கதவுகள் இல்லை.

அதிலும் அவள் உன்னிடம் வளர்ந்த பாதிரியின் மகள். வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்த்து நீதான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாய். நோய் நொடி இல்லாமல் வாழ்ந்து, தன் முன்னோர்கள் லுண்டா என்கிற கடற்பறவையைப் பிடித்த அதே மலையில் வேலை செய்துகொண்டே விழுந்து மடிந்தவன். நாய் வளர்ப்போர் சங்கப் பத்திரிகையில் நான் அவனைப் பற்றி எழுதியதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். குட்டி கேட்டு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒருவர் பின்லாந்தில் இருக்கிறார்.

நம் ஒப்பந்தம் உனக்கு மறந்திருக்கலாம். நாய் என்னுடையது, வீடும் வளர்ப்பும் உன்னுடையது. மூன்றாவது நிபந்தனை: எப்போது, எதனுடன் சேர்ப்பது என்பதை நான் முடிவு செய்வேன். ஐந்தாவது: எதை மீறினாலும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்.

வயிறு போட்டிருக்கிறாள் என்றால் நாலாவதை மீறுகிறாயா? ஈரல், மீனெண்ணெய், கொழுப்பு எதுவும் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

யோருன்


வேரோய்
7 பிப்ரவரி 1992

டீச்சரம்மா,

பதினேழுதானா? முன்னேறிவிட்டேன்.

நாலாவது நிபந்தனையைப் பற்றி என்னிடம் பேசாதே. இந்த வீட்டுக்குள் ஈரல் நுழைந்து இரண்டு வருஷம் ஆகிறது. இது காட் மீன் பருவம். தீவு முழுக்க ஒரே வாசனை, ஒவ்வொரு வீட்டிலும் பானையில் மீன் ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கம், சினை ஒரு பக்கம் கொதிக்கிறது. நான் மட்டும் ஷெட்டில் மேஸ்திரி எட்வின் வைத்திருக்கிற ஸ்டவ்வில் நின்றுகொண்டே தின்றுவிட்டு, வாயைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

"ஏன் தோர்டிஸ், உன் வீட்ல அடுப்பு இல்லையா?" என்று கேட்டான்.

"அடுப்பு இருக்கு. மாமியாரும் இருக்கா."

"உனக்கு ஏது மாமியாரு? அந்தம்மா போய்ப் பத்து வருஷமாச்சே!"

"இது புது மாமியாரு. நாலு கால், ஒவ்வொண்ணுலயும் ஆறு விரல். வாயை மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவா."

துலாவுக்கு உலர் தீனி, வேகவைத்த கொழுப்பில்லாத மீன், அரிசிக் கஞ்சி. அவ்வளவுதான். நீ நம்பவில்லை என்றால் எட்வினைக் கேள். அப்படியும் அக்டோபரிலிருந்து அவளுக்கு வயிற்றால் போகிறது. இரண்டு நாள் நிற்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. முதுகைத் தடவினால் எலும்பு தட்டுகிறது, வயிறு மட்டும் உருண்டையாக இருக்கிறது. இப்படி இருக்கிறவளை எப்படியடி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது? பின்லாந்துக்காரருக்கு ஒரு பூனை வாங்கிக் கொடு.

அப்புறம், அந்தச் சுவரில் மாட்டியிருக்கிறாயே, அதைக் கழற்றி வைத்துவிடேன். தூசி படியும்.

தோர்டிஸ்


ரிங்சாக்கர்
15 பிப்ரவரி 1992

தோர்டிஸ்,

எல்லாவற்றையும் சிரிப்பாக மாற்றினால் நான் களைத்துப்போய் விட்டுவிடுவேன் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு ஒரு நம்பிக்கை. இந்த முறை இல்லை.

மார்ச் 3ஆம் தேதி படகில் போடோவிலிருந்து சங்கத்து ஆள் ஒருவர் வருவார். துலாவை அவரிடம் ஒப்படைத்துவிடு, அவளுடைய தட்டையும் போர்வையையும் சேர்த்து. உடம்பு சரியில்லை என்றால் இங்கே நல்ல மருத்துவர் இருக்கிறார். சரியானதும் சேர்ப்பேன். அவள் அங்கே திரும்புவாளா என்பதை அப்புறம் முடிவு செய்கிறேன்.

இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீ இந்த நாய்க்குத் தீனி போடுகிறவள். இந்த இனத்துக்குப் பொறுப்பு நான்.

யோருன்


வேரோய்
22 பிப்ரவரி 1992

யோருன்,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு இல்லை. இருந்தால் பழக்கதோஷம், மன்னித்துக்கொள்.

பாதிரி மலையிலிருந்து விழவில்லை.

1990 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை காலை, என் சமையலறையில், நான் அவனுக்கு விரித்துப் போட்ட கம்பளிச் சட்டையின் மேல் செத்தான். வயிறு முழுக்கத் தண்ணீர். கால்கள் குச்சி குச்சியாக இருந்தன. அதற்கு முந்தைய அக்டோபரிலிருந்தே வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் காட் மீன் பருவத்தில் சனிக்கிழமை சனிக்கிழமை அவனுக்கு ஈரல் கொடுத்தேன். நாலாவது நிபந்தனை எனக்கு மனப்பாடம். ஆனால் பானை பக்கத்தில் அந்த வெள்ளைப் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, பாவமன்னிப்புக் கொடுக்க வந்தவன் மாதிரி என்னையே பார்ப்பான். ஒரு துண்டு, அப்புறம் இன்னொரு துண்டு. டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் என்ன தின்றான் என்று கேட்பார், கேட்டால் உனக்குத் தெரியும், தெரிந்தால் ஐந்தாவது நிபந்தனை. துலா வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன்.

அதனால் உனக்கு மலை என்று எழுதினேன். இந்த நாய்க்கு அதைவிடக் கௌரவமான சாவு எனக்குத் தோன்றவில்லை. நீ அழுவாய், ஆனால் பெருமையாக அழுவாய் என்று நினைத்தேன். நீ பத்திரிகையில் எழுதி எனக்கு இரண்டு பிரதி அனுப்பினாய். ஒன்றைக்கூட நான் முழுதாகப் படிக்கவில்லை.

எட்வின் மட்டும் கேட்டான். "பாதிரி மலையில செத்தாராமே? ஞாயித்துக்கிழமை உன் வீட்டுப் பின்னால மம்பட்டியோட நின்னுட்டிருந்தியே?"

"மலையிலேர்ந்து தூக்கிட்டு வந்தேன்."

"அம்புட்டு தூரமா? உன் முட்டியை வச்சுக்கிட்டா?"

"பாதிரி இளைச்சிருந்தாரு."



இப்போது துலாவுக்கு வருகிறேன். அவள் நாக்கில் ஒரு சொட்டு ஈரல் பட்டதில்லை. இருந்தும் அதே வயிறு, அதே குச்சிக் கால். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்து, "உனக்கு நான் என்னடி கொடுத்தேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் 15ஆம் தேதிக் கடிதம் வந்த மறுநாள் படகு ஏறி போடோவுக்குக் கொண்டுபோனேன். கால்நடை டாக்டர் சின்னப் பெண், நமக்கு மகளாகிற வயசுதான் இருக்கும். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள்.

"இதோட அப்பா எதுல செத்துச்சு?"

மலை என்று சொல்ல வாயைத் திறந்தேன், யோருன். இரண்டு வருஷப் பழக்கம். வரவில்லை. "இதே மாதிரிதான்" என்றேன். ஈரல் கதையையும் சொன்னேன்.

"ஈரல்னால இல்லம்மா. குடலே அப்படி. கூடவே பொறக்குற கோளாறு, வம்சத்துல வருது. சத்தெல்லாம் குடல் வழியா ஒழுகிப்போயிடும். கொழுப்புக் குடுத்தா சீக்கிரம் முத்தும், குடுக்காட்டி மெதுவா முத்தும். இவளைக் குட்டி போட விடாதீங்க. கூடப் பொறந்ததுங்க, அப்பாவோட மத்த குட்டிங்க எல்லாத்தையும் பாக்கணும். எத்தனை குட்டி அதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தீனி போடுகிறவளுக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும்.

போடோ ஆளை அனுப்பாதே. அனுப்பினாலும் கதவைத் திறக்கமாட்டேன்.

தோர்டிஸ்


ரிங்சாக்கர்
2 மார்ச் 1992

தோர்டிஸ்,

போடோவிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

நீ கேட்டாயே, கணக்குச் சொல்கிறேன். பாதிரிக்குப் பத்தொன்பது குட்டிகள். அவற்றில் நான்கு, அவன் செத்த பிறகு, மேலும் பதினொன்றுக்கு அப்பாவாகவும் அம்மாவாகவும் ஆகியிருக்கின்றன. அந்தச் சேர்க்கைகள் ஒவ்வொன்றையும் நான் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவு செய்தேன். அதில் அவன் பெயருக்கு எதிரே "விபத்து, மலையிலிருந்து விழுந்தது" என்று இருக்கிறது. என் கையெழுத்து, உன் பொய்.

பதினொன்று, தோர்டிஸ். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. உன் கௌரவமான சாவுக்கு விலை அவை.

உன் கடிதத்தைத் திருத்தவில்லை.

யோருன்


வேரோய்
11 மார்ச் 1992

யோருன்,

இன்றைக்குத் தேதியைப் பார். இரண்டு வருஷம் ஆகிறது.

நீ திட்டியது சரி. இன்னும் திட்டு. மீன் கட்டை மேல் தலையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், வெட்டு. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி.

போடோவிலிருந்து திரும்பும்போது படகில் ஒரு அம்மாளைப் பார்த்தேன். அவளும் என்னை மாதிரி வேறு யாருடைய லுண்டா நாயையோ வீட்டில் வைத்து வளர்க்கிறவள். இரண்டு நாய்களும் மோந்து பார்த்துக்கொள்ள, நாங்கள் இரண்டு பேரும் முதலாளியம்மாக்களைப் பற்றி வம்பு பேசிக்கொண்டு வந்தோம். அவளுக்கும் ஒப்பந்தம் உண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சேர்ப்பது முதலாளியம்மா இஷ்டம், மலைப்பக்கம் அவிழ்த்து விடக்கூடாது, தடுப்பூசி, மீறினால் நாய் திரும்பிப் போகும். அவ்வளவுதான்.

"ஈரல் பத்தி?" என்றேன்.

"ஈரலா? அதுக்கென்ன? எங்களுது தினம் திங்குதே. முடி எப்படி மின்னுது பாருங்க."

நிஜமாகவே மின்னியது.

வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு பேருக்குப் போன் போட்டேன். யாருடைய ஒப்பந்தத்திலும் நாலாவது நிபந்தனை இல்லை, யோருன். உன்னுடையதில் மட்டும்தான் இருக்கிறது.

நீ அதை எழுதியது 1984 ஏப்ரலில். பாதிரி அப்போது ஏழு மாதக் குட்டி, என் செருப்பைத் தின்றே ஜீரணித்தவன், ஒரு குறையும் கிடையாது. அந்தக் குட்டிக்குக் கொழுப்பு ஆகாது என்று உனக்கு எப்படித் தெரியும்?

யாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய்?

தோர்டிஸ்


ரிங்சாக்கர்
29 மார்ச் 1992

தோர்டிஸ்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதிலும் வாக்கியங்கள் ஒழுங்காக இல்லை.

ஸ்வாலாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாதிரியின் தாய்.

அவளை நீ பார்த்ததில்லை. பாதிரியின் ஈத்து போட்டு மூன்று மாதத்தில் வயிற்றால் போக ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த மருத்துவர் கொழுப்பை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கொஞ்ச நாள் தேறினாள். பிறகு வயிறு வீங்கியது. 1984 பிப்ரவரியில் ஊசி போடச் சொன்னேன். அவளுக்கு ஐந்து வயது. சங்கத்துக்கு அனுப்பும் சீட்டில் இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் "உறக்கத்தில் இறந்தது" என்று எழுதினேன். பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசி போட்டால் உறக்கத்தில்தானே சாகும்.

ஏன் என்று கேட்பாய். ஸ்வாலாவின் வம்சம் மற்றவற்றிலிருந்து கொஞ்சம் விலகியது. பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டால், அவள் குட்டிகளின் பெயரையும் அடித்துவிட்டால், மிஞ்சுவது கூடப்பிறந்தவர்களைக் கூடப்பிறந்தவர்களோடு சேர்ப்பதுதான். அப்படி நினைத்தேன். அது பாதி உண்மை. இன்னொரு பாதி, அவள் என் பண்ணையின் முதல் பெட்டை. என் பெயர் அவளோடுதான் தொடங்கியது.

நாலாவது நிபந்தனையைப் பாதிரியைக் காப்பாற்றத்தான் எழுதினேன். கொழுப்பைத் தடுத்தால் நோயையே தடுத்துவிடலாம் என்று நம்பினேன். அது மட்டும்தானா? நாளைக்கு அவன் நோய்ப்பட்டால், நிபந்தனையை மீறியது யார் என்று கேட்கலாம் என்ற எண்ணம் அன்றைக்கு என் மனதில் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை. நீ இரண்டு வருடம் உன்னையே கொலைகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அந்த இடத்தை உனக்காக எட்டு வருடத்துக்கு முன்பே நான் தயார் செய்து வைத்திருந்தேன்.

உன் மலைக்கு நான் அழுதேன் என்று நினைக்கிறாய். கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவன் குடலால் சாகவில்லை. ஸ்வாலா அவனுக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அந்த நிம்மதியில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன். ஃபென்ரிக்கும் அவள் பேரன்தான், பாதிரியின் தங்கை மகன். துலாவை அவனோடு சேர்க்கத் துணிந்ததும் அதனால்தான்.

சேர்க்கை இல்லை. பின்லாந்துக்காரரிடம் சொல்லிவிட்டேன், நன்றாகத் திட்டினார். துலாவைத் தவிர மற்ற இருபத்தொன்பது குட்டிகளின் வீடுகளுக்கும் எழுதினேன், ஸ்வாலாவையும் பாதிரியையும் பற்றி, மறைக்காமல். பன்னிரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. மூன்று நாய்களுக்கு இந்த நோய் இருக்கிறது. ஒரு வீட்டில், "அவனுக்கு எப்பவும் வயிறு அப்படித்தான், நாங்க பெருசா எடுத்துக்கல" என்று எழுதியிருக்கிறார்கள். அது எனக்கு மூன்றைவிடப் பயமாக இருக்கிறது. சங்கத்துக்கும் எழுதினேன். கூட்டத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

இனி நான் கேட்கப்போவதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஓஸ்லோவில் கால்நடைக் கல்லூரியில் இந்த நோயைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்வாலா வம்சத்து நாய் ஒன்றின் வயிற்றைக்கூடச் செத்தபின் இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை. ஸ்வாலாவை நான் எரித்தேன், பாதிரியை நீ புதைத்தாய். துலாவின் காலம் வரும்போது உடம்பை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அதே நாளில், குளிர்ச்சியாக, ஆனால் உறையாமல். எந்தச் சேர்க்கையைத் தவிர்க்கலாம், எதை இன்னும் நம்பலாம் என்று மற்றவர்களுக்காவது அதிலிருந்து தெரியவரலாம்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. துலாவின் உரிமையை உன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிபந்தனை எதுவும் இல்லை. முடிவு உன்னுடையது.

யோருன்


வேரோய்
12 ஏப்ரல் 1992

யோருன்,

நல்ல ஆள்தான் நீ. எட்டு வருஷம் நாயைக் கொடுக்கவில்லை. கொடுத்த கையோடு பிணத்தைக் கேட்கிறாய்.

முடியாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். ஷெட்டில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கு இரண்டு அடி தள்ளி நின்றார்கள். மறுநாள் திட்ட வார்த்தை தீர்ந்துபோச்சு. உனக்குக் காபி கொடுக்காதவர்கள் யார் யார் என்று பெயர் எழுதி அனுப்பு, அவர்களையும் கொஞ்சம் திட்டுகிறேன். உன்னைத் திட்ட எனக்குப் பாத்தியதை உண்டு, அவர்களுக்குக் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால், மீன் காயப்போடுகிற சட்டங்களுக்குப் பக்கத்தில் பாதிரி இருக்கிறான். ஒரு வட்டக்கல் வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் துலாவுக்கும் இடம் பார்த்துவிட்டேன். அவளைக் கத்தியால் கீற யாருக்கும் நான் கொடுக்கமாட்டேன். முப்பத்தொன்பது வருஷமாக மீனைக் கீறுகிறேன், கீறினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லுண்டாக்கள் வந்திறங்கிவிட்டன. நேற்று அவளைத் தள்ளுவண்டியில் போர்வை போட்டு உட்காரவைத்து, பாதை போகிற வரைக்கும் மலைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். எட்வின் பார்த்துவிட்டு, "மாமியாரை ஊர்வலம் கூட்டிட்டுப் போறியா?" என்றான். மேலே பாறை முழுக்கப் பறவை. துலா காதை விறைத்தாள். இறங்கப் பார்த்தாள். ஆறு ஆறு விரலும் வண்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றன, பாறையைப் பிடிப்பது மாதிரி. இவள் வாழ்க்கையில் ஒரு லுண்டாவைப் பிடித்ததில்லை. சட்டமும் விடாது. ஆனால் விரலுக்கு யார் சொல்வது?

பத்து நிமிஷம் நின்றாள். அப்புறம் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டாள்.

கேட்காதே இனி.

தோர்டிஸ்


ரிங்சாக்கர்
21 ஏப்ரல் 1992

தோர்டிஸ்,

கேட்கமாட்டேன்.

கட்டுரையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு பதில்கள் வந்தன. நான்காவது நாய்க்கும் இருக்கிறது. அது பெட்டை, வயிற்றில் குட்டிகள்.

துலா என்ன சாப்பிடுகிறாள் என்று எழுது. வேறு எதற்கும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

யோருன்


வேரோய்
18 மே 1992

யோருன்,

துலா வியாழக்கிழமை காலை போய்விட்டாள். ஒரு ஸ்பூன் கஞ்சி, அதைத்தான் சாப்பிட்டாள். என் கால்மேல் தலையை வைத்துப் படுத்தாள். நான் காபி குடித்து முடிப்பதற்குள் கால் கனத்தது.

மம்பட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பாதிரியின் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டினேன். அப்போது உன் கடிதத்தில் இருந்த அந்தப் பெட்டை ஞாபகம் வந்து தொலைத்தது. வயிற்றில் குட்டிகளோடு இருக்கிறது என்று எழுதினாயே, அது. கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அதை ஏன் எழுதினாய்? எழுதாமல் இருந்திருந்தால் இன்னேரம் குழியை மூடியிருப்பேன். நீ அப்படித்தான், சும்மா இருந்தே ஆளைச் சாய்ப்பாய்.

அவளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். எட்வினிடம் பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்று கேட்டேன்.

"என்ன மீனு?"

போர்வையை விலக்கிக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றினான். அப்புறம் புது ஐஸ் இரண்டு வாளி கொண்டுவந்து வைத்தான். "நான் அடுக்கட்டுமா தோர்டிஸ்?" என்றான். "தள்ளு" என்றேன்.

முப்பத்தொன்பது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். கெடாமலும் உறையாமலும் ஓஸ்லோ வரைக்கும் எப்படி அனுப்புவது என்று இந்தத் தீவில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அடியில் ஐஸ், மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் அவளைப் பக்கவாட்டில், கழுத்தை முதுகுப்பக்கம் வளைத்து, அவள் தூங்குகிற மாதிரியே. இரண்டு பக்கமும் ஐஸ். வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. சரியாக இருந்தது.

மூடியில் "முதல்தரக் காட்" என்று முன்னாலேயே சீட்டு ஒட்டியிருந்தது. கிழித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். மத்தியானப் படகில் போனாள். நேற்று மே பதினேழு, தேசிய நாள், தீவு முழுக்கக் கொடி, பேண்டு வாத்தியம். நான் வெளியே போகவில்லை. தோண்டின ஒரு சாண் குழியை மூடிவிட்டு வந்தேன்.

சங்கத்துச் சீட்டு இரண்டு இத்துடன் இருக்கிறது. நீயே அனுப்பிவிடு.

ஒன்று பாதிரியுடையது, புதிதாக எழுதியது. இறப்புக்கான காரணம் என்ற இடத்தில், மலை இல்லை, குடல் என்று நினைக்கிறேன், டாக்டரிடம் காட்டவில்லை, ஈரல் கொடுத்தேன், என்று எழுதியிருக்கிறேன். இடம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன்.

இன்னொன்று துலாவுடையது. பெயர், பிறந்த தேதி, தகப்பன், தாய், சொந்தக்காரி என்ற இடத்தில் என் பெயர், எல்லாம் நிரப்பியிருக்கிறேன். காரணத்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் நீ ஒரு தடவை எழுதினாய், நான் ஒரு தடவை பொய் சொல்லி எழுதவைத்தேன். இந்தத் தடவை திறந்து பார்த்தவர்கள் எழுதட்டும்.

பிழை நிறைய இருக்கும். எழுத்தை மட்டும் திருத்து. மற்றதைத் தொடாதே.

தோர்டிஸ்